உப்பும் ஊட்டமும்: அயடீன் அன்றாட உணவிற் புகுந்த வரலாறு

உணவுப் பொருள்களுள் உப்பைப் போல எல்லா மாந்தருக்கும் பொதுவானது பிறிதொன்றில்லை. நெல்லுண்போரும் கோதுமையுண்போரும், மலையில் வாழ்வோரும் கடலோரத்தில் வாழ்வோரும், செல்வரும் வறியோரும் உப்பின்றி உண்பதில்லை. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டு சென்றமையைச் சங்க இலக்கியங்கள் காட்டுகின்றன. எல்லோருக்கும் வேண்டியதாகவும் சில இடங்களில் மட்டுமே விளைவதாகவும் இருந்தமையால், உப்பு அரசுகளின் கவனத்தைத் தொன்றுதொட்டே ஈர்த்து வந்துள்ளது. பிரான்சில் 1789 ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முற்பட்ட மனக்கசப்புகளுள் உப்பு வரியும் ஒன்று. இலங்கையில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். இந்தியாவில் உப்புச் சட்டம் 1930 இல் ஒரு பெரும் மக்கள் போராட்டத்திற்கு வித்திட்டது.

வரி தண்டுவதற்கு வசதியாயிருந்த இதே பண்பு, இருபதாம் நூற்றாண்டில் முற்றிலும் வேறான ஒரு பணிக்குப் பயன்பட்டது. எவரும் தவிர்க்க முடியாத பொருள் என்பதனாலேயே, எவருக்கும் தேவையான ஒரு நுண்ணூட்டத்தை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் ஊர்தியாக உப்பு தெரிந்தெடுக்கப்பட்டது. அந்நுண்ணூட்டமே அயடீன். அயடீன் கண்டக்கழலையைத் தணிக்கும் என்பது 1820 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. ஆயின், அந்நோயை ஒரு நாட்டளவில் தடுக்கும் முயற்சி 1922 ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. அறிவு பிறந்ததற்கும் அது மக்களை அடைந்ததற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது ஏன்? அந்த இடைவெளியை இறுதியிற் கடக்க வைத்தது எது? இவ்விரு வினாக்களையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் நிலமும்

மனிதனுடைய கழுத்தின் முற்பகுதியிலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, தைரொட்சின் முதலிய ஓமோன்களைச் சுரக்கின்றது. உடலின் வெப்பம், வளர்ச்சி, மூளையின் விருத்தி ஆகியன இவற்றிற் பெரிதும் தங்கியுள்ளன. இவ்வோமோன்களின் ஆக்கத்திற்கு அயடீன் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. கருவுற்ற தாய்க்கு 250 மைக்கிரோகிராம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்துள்ளது. எழுபது ஆண்டு வாழும் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் பெறவேண்டிய அயடீனை ஒருங்கு சேர்த்தால் அது ஏறத்தாழ 4 கிராம் ஆகும். இத்துணைச் சிறிய அளவு கிடையாதபோது, சுரப்பி தன் குறையை ஈடுசெய்ய முயன்று பருக்கின்றது. அதுவே கண்டக்கழலை. கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. அதனினும் பெருங்கேடு கண்ணுக்குத் தெரியாதது. கருவிலுள்ள குழந்தைக்கு ஓமோன் போதாவிடின் மூளை வளர்ச்சி குன்றும். குறை கடுமையாயின் செவிட்டூமையும் குறள் உருவும் மந்த அறிவும் உடைய குழந்தைகள் பிறக்கின்றன. இந்நிலை கிறிற்றினிசம் எனப்படும்.

அயடீன் நிலத்தில் ஒரே சீராகப் பரந்திருப்பதில்லை. பனியாறுகளும் பெருமழையும் மேல்மண்ணைக் கழுவிச் சென்ற இடங்களில் அது அருகியுள்ளது. மண்ணில் இல்லாதது பயிரில் இராது. பயிரில் இல்லாதது அதனை உண்ணும் மாட்டிலும் மனிதனிலும் இராது. ஆகவேதான் அல்ப்ஸ், இமயம், அந்தீசு ஆகிய மலைத்தொடர்களின் பள்ளத்தாக்குகள் பன்னெடுங்காலமாகக் கழலையின் உறைவிடங்களாக விளங்கின. அல்ப்ஸ் மலைவாசிகளின் வீங்கிய கழுத்துகளை உரோமானியர் அறிந்திருந்தனர். மத்திய ஆசியாவிலுள்ள யார்க்கந்து நகரத்தவரிடையே இந்நோயைக் கண்ட மார்க்கோ போலோ, அதற்குக் குடிநீரே காரணம் எனக் கருதினார். சுசுருத சங்கிதை இதனைக் கலகண்டம் என்னும் பெயரால் விவரிக்கின்றது.

நோயைப் போன்றே மருந்தும் பழைமையானது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் கே ஹொங் கழலைக்குக் கடற்பாசியைப் பரிந்துரைத்தார். மத்திய கால ஐரோப்பாவில் எரித்த கடற்பஞ்சின் சாம்பல் வழங்கப்பட்டது. காரணம் அறியாமலே, கடலிலிருந்து வரும் ஏதோ ஒன்று கழுத்து வீக்கத்தைத் தணிக்கின்றது என்பதை ஒன்றோடொன்று தொடர்பற்ற மக்கட் கூட்டங்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

அறிவு பிறந்த பின்னும் ஒரு நூற்றாண்டு

அந்த ஏதோ ஒன்று யாதென்பது போரின் விளைவாகத் தற்செயலாக வெளிப்பட்டது. நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து வேண்டியிருந்தது. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டியிருந்தது. அதனை உற்பத்தி செய்த பேர்னாட் கூர்த்துவா என்பார் 1811 இல் கடற்பாசிச் சாம்பலுடன் கந்தகவமிலத்தைச் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழக் கண்டார். ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக இப்புதிய மூலகத்துக்குப் பெயர் இடப்பட்டது. ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் கொயிந்தே, கடற்பஞ்சுச் சாம்பலின் மருத்துவ ஆற்றலுக்கு இம்மூலகமே காரணமாதல் வேண்டும் எனத் துணிந்து, 1820 இல் அயடீன் கரைசலை நோயாளருக்கு வழங்கினார். பலருடைய கழலைகள் சுருங்கின. ஆயின், மருந்து பரவப் பரவ அளவு மீறிற்று. மருத்துவரின் மேற்பார்வையின்றி அதை அருந்தியோர் பலர் நெஞ்சுப் படபடப்பும் உடல் மெலிவும் நடுக்கமும் உற்றனர். அயடீன் அஞ்சத்தக்க பொருள் என்னும் எண்ணம் வேரூன்றியது.

அளவைக் குறைத்து உணவுடன் சேர்க்கலாம் என்னும் சிந்தனையும் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பது வியப்புக்குரியது. தென்னமெரிக்காவில் இன்றைய கொலம்பியாப் பகுதியில் பணியாற்றிய பிரான்சிய இரசாயனவியலாளர் பூசங்கோ, சில இயற்கை ஊற்றுகளின் உப்பை உண்டோரிடையே கழலை இல்லாமையைக் கண்டார். அவ்வுப்பில் அயடீன் இருப்பதை ஆய்ந்தறிந்து, அத்தகைய உப்பைக் கழலை நிலவும் மாவட்டங்களில் விற்பனைக்கு வைக்குமாறு 1830 களின் தொடக்கத்தில் விதந்துரைத்தார். அவருடைய யோசனையை எவரும் நிறைவேற்றவில்லை. 1850 களில் அடோல்பு சத்தேன் என்னும் பிரான்சிய அறிஞர் நீர், மண், உணவு ஆகியவற்றின் அயடீன் அளவை இடந்தோறும் ஒப்பிட்டு, அயடீன் குறைவே கழலைக்குக் காரணம் என நிறுவ முயன்றார். பிரான்சிய விஞ்ஞானக் கழகம் அம்முடிவை ஏற்கத் தயங்கிற்று. கண்ணுக்கும் நாவுக்கும் புலனாகாத அளவிலுள்ள ஒரு பொருளின் இன்மை இத்துணைப் பெரிய நோயை விளைவிக்கும் என்பது அக்கால அறிஞருக்கு நம்பத்தகாததாகத் தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டர், கொக் ஆகியோரின் ஆய்வுகளால் கிருமிக் கொள்கை ஓங்கிற்று. நோயென்றால் அதற்கு ஒரு கிருமி உண்டு என்னும் நோக்கு மருத்துவ உலகை ஆட்கொண்டது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இரொபேட்டு மக்கரிசன். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் குன்னூரில் உணவூட்ட ஆராய்ச்சியை வளர்த்துப் புகழ்பெற்ற இவர், அதற்கு முன்னர் வட இந்திய எல்லையிலுள்ள கில்கிற்றுப் பகுதியில் மருத்துவராயிருந்தார். அங்கு ஒரே நீரோடையின் வழியிலமைந்த ஊர்களில், கீழே செல்லச் செல்லக் கழலை மிகுவதை அவர் கண்டார். மேலூர்களின் கழிவு கலந்து நீர் மாசுறுவதே காரணம் எனக் கருதி, அந்நீரிலிருந்து வடித்த கசடைத் தாமும் அருந்திப் பிறருக்கும் அருந்தக் கொடுத்துச் சோதித்தார். அவருடைய நேர்மையையும் துணிவையும் எவரும் ஐயுறார். உணவில் இல்லாத ஒன்றை நீரில் உள்ள ஒன்றாகத் தேடியமையே அவரைத் திசைதிருப்பிற்று. உள்ளதைக் காண்பது எளிது. இல்லாததைக் காண்பது அரிது. ஊட்டக் குறைநோய்களின் வரலாறு முழுவதிலும் இத்தடையைக் காணலாம்.

1895 இல் ஜெர்மானிய அறிஞர் பௌமன் தைரொயிட்டுச் சுரப்பியினுள்ளே அயடீன் இருப்பதைக் கண்டறிந்தார். 1914 இல் அமெரிக்கரான கெண்டல் தைரொட்சினைப் பிரித்தெடுத்தார். மருந்தெனக் கருதப்பட்ட அயடீன் உடலின் ஓர் உறுப்புக்கு உணவே என்பது இவற்றால் தெளிவாயிற்று. தாமதத்துக்கான காரணங்களை இப்போது தொகுத்து நோக்கலாம். கொயிந்தே முதலியோர் அயடீனை நோயுற்றோருக்கு அளிக்கும் மருந்தாகவே கண்டனர். மருந்தாதலின் அளவு மிகுந்தது. அளவு மிகுந்ததால் அச்சம் பிறந்தது. நோயுறாதோருக்கு நுண்ணளவில் நாளும் அளிக்க வேண்டிய உணவு என்னும் கருத்து மருத்துவரின் சிந்தனையில் இடம்பெற நூறு ஆண்டுகள் சென்றன.

பாடசாலையிலிருந்து சமையலறைக்கு

ஐக்கிய அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த மாநிலங்கள் அக்காலத்தில் கழலை மிகுந்த பிரதேசமாயிருந்தன. அங்கு டேவிட் மரீனும் அவருடைய துணைவர் கிம்போலும் ஒகையோ மாநிலத்து அக்கிரன் நகரப் பாடசாலை மாணவியரிடையே 1917 முதல் ஒரு சோதனையை நடத்தினர். விரும்பிய மாணவியருக்கு ஆண்டுக்கு இருமுறை 2 கிராம் சோடியம் அயடைட்டு சிறு சிறு அளவுகளாகப் பிரித்து வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற 2190 பேரில் ஐவருக்கு மட்டுமே கழலை தோன்றிற்று. பெறாத 2305 பேரில் 495 பேருக்குத் தோன்றிற்று. இதன் பின் அயடீனின் தடுப்பாற்றல் பற்றிய ஐயம் பெரிதும் நீங்கியது எனலாம்.

ஆயினும் பாடசாலையில் மருந்து கொடுக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. பாடசாலைக்கு வராத குழந்தையை அது சேராது; கருவுற்ற தாயைச் சேராது; மருந்து கொடுப்போர் சோர்ந்தால் முறையே நின்றுவிடும். சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் வேறு வழியைக் கண்டனர். வலே மாநிலத்தின் மலைக்கிராமங்களில் பணியாற்றிய ஒற்றோ பயார்ட் 1918 இல் உப்புடன் மிகச் சிறிய அளவு அயடைட்டைத் தம் கையாலேயே கலந்து குடும்பங்களுக்கு வழங்கினார். பருத்த கழுத்துகள் சில மாதங்களில் சுருங்கின. தீங்கு எதுவும் நேரவில்லை. ஏரிசாவு ஊரின் மருத்துவர் ஏகன்பேர்கர் பொதுமக்களிடையே விரிவுரைகளாற்றி, அவர்களின் கையொப்பங்களைத் திரட்டி மாநில அரசிடம் முறையிட்டார். அதன் பயனாக 1922 பெப்ரவரியில் அப்பன்செல் வெளிமாநிலத்தில் அயடீன் சேர்ந்த உப்பு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அமைந்த தேசிய ஆணைக்குழு அதனை நாடெங்கும் பரப்புமாறு விதந்துரைத்தது.

இவ்வெற்றிக்குத் துணைநின்ற அமைப்பினைக் கவனித்தல் வேண்டும். சுவிற்சர்லாந்தில் உப்பு வணிகம் மாநில அரசுகளின் தனியுரிமையாயிருந்தது. உப்பு ஒரு சில ஆலைகளிலிருந்தே வந்தமையால் அவற்றில் அயடீன் சேர்த்தல் எளிதாயிற்று. மக்களை வருத்தும் வரிக்கருவியெனப் பிற நாடுகளில் வெறுக்கப்பட்ட உப்புத் தனியுரிமை, இங்கு நலம் பயக்கும் வாய்க்காலாயிற்று. ஆயினும் திணிப்பு நிகழவில்லை. அயடீன் சேராத உப்பும் கடைகளிற் கிடைத்தது. எதிர்த்த மருத்துவரும் இருந்தனர். எல்லா மாநிலங்களும் இணைய 1950 கள் வரை சென்றது. முதலில் ஒரு கிலோகிராம் உப்பில் 4 மில்லிகிராமுக்கும் குறைவாகவே அயடீன் சேர்க்கப்பட்டது. தீங்கின்மை தெளியத் தெளிய அளவு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2014 இல் 25 மில்லிகிராமை எட்டிற்று. தலைமுறை தலைமுறையாக மலைக்கிராமங்களில் பிறந்து வந்த கிறிற்றினிசக் குழந்தைகள் 1930 ஆம் ஆண்டளவின் பின்னர் அங்குப் பிறக்கவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் முதலாம் உலகப் போருக்கு ஆள் திரட்டியபோது, கழலையால் இராணுவச் சட்டையின் கழுத்துப்பட்டியைப் பூட்ட முடியாத இளைஞர் பலர் மிச்சிகன் மாநிலத்தில் காணப்பட்டனர். அம்மாநிலப் பல்கலைக்கழகத்து மருத்துவர் டேவிட் கௌவி உப்பு உற்பத்தியாளருடன் பேசி அவர்களை இணங்கச் செய்தார். 1924 மே மாதத்தில் அயடீன் உப்பு மிச்சிகன் கடைகளுக்கு வந்தது. சுவிற்சர்லாந்தில் அரசுத் தனியுரிமை செய்ததை அமெரிக்காவில் வணிகரின் இணக்கம் செய்தது. வழிகள் வேறாயினும், ஊட்டத்தைத் தேடி மக்கள் செல்லாது மக்களைத் தேடி ஊட்டம் சென்றமை இரண்டிற்கும் பொதுவாகும்.

பாணும் பாலும்

உப்பொன்றே ஊர்தியாயிருக்கவில்லை. நெதர்லாந்து 1942 இல் பாண் தயாரிக்கும் உப்பில் அயடீனைச் சேர்த்தது. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் 1966 இல் பாண்மாவுடன் பொற்றாசியம் அயடேற்றுச் சேர்க்கப்பட்டது. அங்குக் குழந்தைகளின் கழலை குறைந்தது. ஆயின், நெடுங்காலம் அயடீன் குறைவுற்றிருந்த முதியோர் சிலரிடையே தைரொயிட்டு மிகைச் சுரப்பு நோய் பெருகிற்று. தன்னியக்கம் பெற்றுவிட்ட பழைய கழலை திடீரென அயடீன் கிடைத்தபோது கட்டின்றிச் சுரந்தமையே இதன் காரணம். சில ஆண்டுகளில் அப்பெருக்கம் தணிந்தது. கொயிந்தேயின் நோயாளர் உற்ற துன்பத்துக்கும் இதனுடன் உறவுண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி அயடீனுக்கு மிகப் பொருந்தும்.

பிரித்தானியாவின் அனுபவம் வேறு வகையினது. அங்கு உப்பில் அயடீன் சேர்க்கும் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. பசுக்களுக்கு அளித்த குளிர்காலத் தீனியில் அயடீன் சேர்க்கப்பட்டது. பாற்பண்ணைகளில் மடிகளையும் கலன்களையும் தூய்மையாக்க அயடீன் கரைசல்கள் கையாளப்பட்டன. இவற்றால் பாலில் அயடீன் மிகுந்தது. பாடசாலைக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் திட்டமும் பால் நுகர்வை வளர்த்தது. எவரும் திட்டமிடாமலே கழலை பெரும்பாலும் மறைந்தது. திட்டமிடாமல் வந்த நலத்தை எவரும் காவல் செய்வதில்லை. பால் அருந்தும் வழக்கம் குறைந்த பின்னர், 2011 இல் வெளியான ஓர் ஆய்வு பிரித்தானியப் பாடசாலை மாணவியரிடையே அயடீன் மீண்டும் குறைந்துள்ளமையைக் காட்டிற்று.

நியூசிலாந்தின் வரலாறும் இதையே கூறுகின்றது. 1924 இலேயே அயடீன் உப்பைப் பெற்ற அந்நாடு, 1930 களின் இறுதியில் அளவை உயர்த்திக் கழலையை வென்றது. நூற்றாண்டின் இறுதியில் மக்கள் வீட்டு உப்பைக் குறைத்து, அயடீன் சேரா உப்பால் ஆலைகளிற் செய்த உணவுகளை மிகுதியாக உண்ணத் தலைப்பட்டனர். பாற்பண்ணைகளும் வேறு தூய்மையாக்கிகளுக்கு மாறின. குறை மீண்டது. ஈற்றில் 2009 இல் அந்நாடும் அவுஸ்திரேலியாவும் பாணில் அயடீன் உப்பைக் கட்டாயமாக்கின. மண் மாறவில்லையாதலால் குறை அங்கேயே காத்திருக்கின்றது. உணவு வழக்கம் மாறும்போது நோய் திரும்புகின்றது.

இமயத்தின் அடிவாரமும் நியூகினியின் பள்ளத்தாக்கும்

ஆசிய நாடுகளில் அயடீன் உப்பின் பயனை ஐயமற நிலைநாட்டியது இந்தியாவின் காங்கிராப் பள்ளத்தாக்கில் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956 இல் தொடங்கிய ஆய்வாகும். பள்ளத்தாக்கு மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பொற்றாசியம் அயடைட்டும் மற்றொன்றுக்குப் பொற்றாசியம் அயடேற்றும் சேர்ந்த உப்பு வழங்கப்பட்டது; மூன்றாவது வலயம் வெறும் உப்பைப் பெற்றது. சில ஆண்டுகளில் முதலிரு வலயங்களிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, மூன்றாவதில் மாற்றமில்லை. அதன் பின் அவ்வலயத்தவருக்கும் அயடீன் உப்பு அளிக்கப்பட்டது. இந்தியா 1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் அயடைட்டு விரைவில் ஆவியாகிக் கெடும். அயடேற்று நிலைத்து நிற்குமாதலின் அதுவே இந்நாடுகளுக்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது.

கழலையினும் கொடிய தீங்கைப் பற்றிய சான்று நியூகினியிலிருந்து வந்தது. 1966 இல் அங்குள்ள ஜிமிப் பள்ளத்தாக்கில் ஒன்றுவிட்டொரு குடும்பத்துக்கு அயடீன் சேர்ந்த எண்ணெயும் ஏனையவற்றுக்கு வெறும் உப்புநீரும் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. பின்னர் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, உப்புநீர் பெற்ற தாய்மாரின் 534 குழந்தைகளில் 26 பேர் கிறிற்றினிசக் குறையுடையோராயிருந்தனர். அயடீன் பெற்ற தாய்மாரின் 498 குழந்தைகளில் எழுவர் மட்டுமே அவ்வாறிருந்தனர். அவ்வெழுவரில் அறுவரின் தாய்மார் ஊசி ஏற்றுமுன்னரே கருவுற்றிருந்தனர். குறை நீங்கவேண்டிய காலம் கருவுறுதற்கு முந்தியது என்பதை உலகம் இதனாற் கற்றது. அவ்வறிவு அந்த 26 குழந்தைகளின் வாழ்வை விலையாகக் கொண்டு பெறப்பட்டது என்பதையும் வரலாறு மறத்தலாகாது. இவ்வாய்வில் ஈடுபட்ட பசில் எற்செல், 1983 இல் ‘அயடீன் குறைபாட்டுக் கோளாறுகள்’ என்னும் தொடரை வழங்கினார். கழுத்து வீக்கத்திலிருந்து ஒரு தலைமுறையின் மூளை வளர்ச்சிக்குப் பார்வை திரும்பியது. 1990 இல் நடைபெற்ற சிறுவருக்கான உலக உச்சிமாநாடு, இக்குறையை 2000 ஆம் ஆண்டுக்குள் நீக்கும் இலக்கை ஏற்றது.

ஆயினும் எதிர்க்குரல்கள் ஓயவில்லை. அயடீனேற்றும் பொறிகளும் பொதி செய்யும் ஆலைகளும் பெருமுதல் உடையோருக்கே வாய்க்கும். உப்பளத்தில் உழைக்கும் சிறு உற்பத்தியாளர் சந்தையிலிருந்து தள்ளப்படுவர் என்னும் அச்சம் இந்தியாவில் எழுந்தது. உப்பு உரிமைக்காகப் போராடிய நாட்டில், உண்ணும் உப்பைத் தெரிவு செய்யும் உரிமையைச் சட்டம் பறிக்கலாமா என்றும் வினவப்பட்டது. அயடீன் சேரா உணவு உப்பின் விற்பனைத் தடை 2000 இல் தளர்த்தப்பட்டு, 2006 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இவ்வெதிர்ப்பை அறியாமை என ஒதுக்குதல் தகாது. நலத்திட்டத்தின் பயன் எல்லோருக்கும் உரியதாயின், அதன் சுமை சிறியோர் தலையில் மட்டும் விழலாகாது. கூட்டுறவு முறையில் சிறு உற்பத்தியாளருக்குப் பொறிகளும் அயடேற்றும் கிடைக்கச் செய்வதே இதற்கு நேரிய வழியாகும்.

இலங்கையின் அனுபவம்

கடல் சூழ்ந்த தீவில் அயடீன் குறையுமா என்னும் ஐயம் இயல்பானதே. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கடற்கரை முழுவதையும் இழந்த கண்டி இராச்சியம் உப்புக்காக ஒல்லாந்தரை எதிர்நோக்கியிருந்தது. உப்பின்மையே மலைநாட்டுக் கழலைக்குக் காரணமென ஒருவர் எண்ணக்கூடும். அது பொருந்தாது. ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் உப்பும் 50 முதல் 60 மைக்கிரோகிராம் அயடீனுமே உள்ளன. உப்பு விளையும்போது அச்சிறிதளவின் பெரும்பகுதியும் கழிநீருடன் நீங்கிவிடும். எனவே, வெறும் கடலுப்பை உண்போரும் அயடீன் பெறுவதில்லை. கடலில் அயடீனைத் திரட்டி வைத்திருப்பவை பாசிகளும் மீன்களுமேயன்றி உப்பன்று.

இலங்கையில் கழலை மிகுந்த பிரதேசம் மலைநாட்டுடன் நிற்கவில்லை. தென்மேற்கின் ஈரவலயம் முழுவதையும் அது தழுவியிருந்தது. 1980 களின் பிற்பகுதியில் பாடசாலை மாணவரிடையே நடைபெற்ற விரிவான ஆய்வொன்றில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கழலை காணப்பட்டது. மாவட்டங்களுள் அது மிகுந்திருந்தது களுத்துறையில். அங்கு ஏறத்தாழ 30 வீதமாயிருந்தது. களுத்துறை கடலைத் தொட்டிருக்கும் மாவட்டம். பெருமழையால் கழுவுண்ட மண்ணில் விளைந்ததை உண்போருக்குக் கடலின் அண்மை மட்டும் காப்பளிக்கவில்லை. இதற்கு மாறாக, மழை குன்றிய உலர்வலயத்தில் கழலை அரிதாகவே காணப்பட்டது. அன்றாட உணவில் கடல்மீன் இடம்பெறும் கரையோரக் குடும்பங்களின் நிலை வேறு. மீன் அரிதாகக் கிடைத்த மலையகத் தோட்டப்புறங்களின் நிலை வேறு.

ஏனைய நாடுகள் கண்ட வழியையே இலங்கையும் மேற்கொண்டது. மனிதர் உண்ணும் உப்பனைத்திலும் அயடீன் சேர்த்தல் 1995 முதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. அம்பாந்தோட்டையும் புத்தளமும் உப்பின் முதன்மை நிலையங்களாயிருந்த அக்காலத்தில், வடக்கின் ஆனையிறவு உப்பளம் போரினாற் செயலிழந்திருந்தது. போர் முடிந்த பின்னரே அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டளவில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு மாணவரின் உடலில் அயடீன் போதியதாயிருப்பதைக் காட்டிற்று. ஆயினும் கழலை அப்போதும் 20.9 வீதமாயிருந்தது. பல ஆண்டுகள் பருத்திருந்த சுரப்பி உடனே சுருங்குவதில்லை. அடுத்த பத்தாண்டில் அது 5 வீதத்துக்கும் கீழே சென்றது.

சட்டம் உப்பளத்தின் வாயிலோடு நின்றுவிடும். அடுப்படியில் நிகழ்வது வழக்கத்தின் ஆட்சிக்குட்பட்டது. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தல், நீரில் கரைத்து நெடுநாள் வைத்தல், உப்புச் சிரட்டையை அடுப்பருகே திறந்து வைத்தல், கறியுடன் உப்பையும் நெடுநேரம் கொதிக்கவிடல் ஆகிய பழக்கங்களால் அயடீனின் ஒரு பகுதி வீணாகும். மூடிய கலத்தில் வைத்துச் சமையலின் இறுதியில் உப்பிடுவது எளிய காப்பு. மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் அயடீன் உண்டு. மரவள்ளி, கோவா போன்றவற்றிலுள்ள சில பொருள்கள் அயடீன் குறைந்தவிடத்துச் சுரப்பிக்கு இடையூறு செய்யும். அயடீன் போதியவிடத்து அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் அயடீனூட்டத்துக்கு முரணானதன்று. உண்ணும் உப்பு குறையுமாயின் அதிற் சேர்க்கும் அயடீனின் அளவைச் சிறிது கூட்டலாம், மிகுமாயின் குறைக்கலாம். இலங்கையிலும் உப்பின் அயடீன் அளவு பின்னர் குறைக்கப்பட்டது.

முடிவுரை

அயடீனின் வரலாறு உணர்த்துவன மூன்று. முதலாவது, அறிவு மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை. பூசங்கோவின் யோசனை தொண்ணூறு ஆண்டுகள் கிடப்பிற் கிடந்தது. அவ்வாண்டுகளில் அல்ப்ஸ் மலைக்கிராமங்களிலே செவிடராயும் ஊமையராயும் பிறந்தோர் அத்தாமதத்தின் விலையைச் செலுத்தினர். இரண்டாவது, தன் குறையை அறியாதவரிடமும் சென்று சேரவல்லது மருந்தன்று, அன்றாட உணவே. கருவிலுள்ள குழந்தை மருந்து கேட்டு வருவதில்லை. தாய் உண்ணும் சோற்றின் உப்பே அதனைத் தேடிச் செல்ல முடியும். மூன்றாவது, இந்நலம் ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. அம்மை நோயை ஒழித்தது போல அயடீன் குறைவை ஒழித்துவிட்டோம் எனக் கூறவியலாது. அது மண்ணின் குணம். ஒவ்வொரு தலைமுறையும் தன் உப்பில் அயடீனைச் சேர்க்கவும் அதன் அளவை ஆராயவும் கடமைப்பட்டுள்ளது.

வெற்றி பெற்ற திட்டத்தின் இடர் யாதெனில், அதன் வெற்றியே அதன் தேவையை மறைத்துவிடும். வீங்கிய கழுத்தைக் காணாத தலைமுறை, உப்பில் அயடீன் ஏன் என வினவுதல் இயல்பு. அவ்வினாவுக்குரிய விடையை வழங்குவது வரலாற்றின் பணியாகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழர் மரபு. உப்பில் ஊட்டமிட்டவர்களையும், அவ்வூட்டம் கிடையாமற் போனவர்களையும் நினைத்தல் அம்மரபின் பாற்படும்.